பால் ஆறும் நேரம்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்தக் கொப்பியின் மட்டை பச்சை என்று நான் நினைக்கிறேன். நீலம் என்று சொல்பவர்களும் உண்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடமா, அதற்கு அடுத்த வருடமா என்பதும் குழம்பிக் கிடக்கிறது. சுஹைரா ராத்தா கொண்டுவந்த தட்டில் இருந்தது வட்டிலப்பமா தொதலா என்று கேட்டால் எங்கள் ஒழுங்கைச் சனம் இரண்டு கட்சியாகப் பிரியும். ஆனால் மேசன் முஹம்மது தம்பி கேட்ட கேள்வியை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள்.

ஸல்ஹாவுக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது மகள் றுஷ்தாவுக்குக் கலியாணப் பேச்சு வந்த மாதத்தில். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கிண்ணியாவில் களப்புக்கரைக்குப் போகும் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. தயிர்தான் தொழில். சுபஹுத் தொழுது முடிந்த கையோடு அவள் அடுப்பு மூட்டுவாள். தம்பலகாமத்துப் பட்டிகளிலிருந்து எருமைப்பால் மோட்டார் சைக்கிளில் வரும். அதைப் பெரிய கிடாரத்தில் ஊற்றி, ஆடை படியாமல் துழாவிக் காய்ச்சி இறக்கி, ஆறவிட்டு, உறை சேர்த்துச் சட்டிகளில் வார்க்க வேண்டும். வார்த்த சட்டிகளை வடக்குப் பக்கத்து அறைக்குள் வரிசையாக வைப்பாள். காற்றுப் படாத, யாரும் நடமாடாத அறை. ஆட்டம் பட்டால் தயிர் முறியும். மறுநாள் காலை அவற்றின் வாயைக் கடதாசியால் மூடி நூல் கட்டிக் கொடுப்பாள்; புருசன் பஹ்மி அவற்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து திருகோணமலைக் கடைகளுக்குப் போவான்.

இருபத்துநாலு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒருநாள் பால் துழாவிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு வரிந்த மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போனது, அடி வரைக்கும் போகவில்லை. பிறகு அது இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று தரம் ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நல்லாயிருக்கிறது என்று சொன்ன டொக்டர், துண்டு எழுதி, நடையோடையின் கடைசியில் இருந்த அறைக்கு அனுப்பினார். மனநலப் பிரிவு என்று கதவில் ஒட்டியிருந்ததை வாசித்துவிட்டு ஸல்ஹா திரும்பிப் போகப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் எழும்பி வந்து, "வாங்கோ அக்கா, மின்விசிறிக்குக் கீழ இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டதால்தான் உள்ளே போனாள்.

அந்தப் பெண்ணின் பெயர் கௌசிகா. உளவளத்துணையாளர். முப்பது வயதிருக்கும். அவள் அதிகம் கேட்கவில்லை. ஸல்ஹாவும் அதிகம் சொல்லவில்லை.  கடைசியில் கௌசிகா மேசை லாச்சியிலிருந்து ஒரு சித்திரக் கொப்பியையும் பன்னிரண்டு கலர்ப் பென்சில் பெட்டி ஒன்றையும் எடுத்து நீட்டினாள்.

"இது என்னத்துக்கு மிஸ்?"

"ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் கீறுங்கோ. மனசில என்ன வருகுதோ அது. எழுத விருப்பமெண்டா பக்கத்தில எழுதுங்கோ. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்ல."

"நெஞ்சு இறுகுது எண்டு வந்தனான். நீங்க நேசரிப் புள்ளயளுக்குக் குடுக்கிறத தாறீங்க. குளிசை ஒண்டும் இல்லையா?"

கௌசிகாவுக்குச் சிரிப்பு வந்தது. "குளிசை வேணுமெண்டா டொக்டர் தருவார். இதையும் ஒருக்கா செய்து பாருங்கோவன். உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு சில நேரம் கை முதல்ல சொல்லும். மனசும் கொஞ்சம் ஆறும்."

வீட்டில் பிறஷர் கிளினிக் என்று சொல்லிவிட்டாள். கொப்பியை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அவளுக்கு ஓய்வு என்று ஒன்று இருந்தால் அது பால் ஆறும் நேரம்தான். காய்ச்சி இறக்கிய பாலில் சின்ன விரலை வைத்துப் பத்து எண்ணும் வரை சூடு பொறுக்க வேண்டும். அதுவரை உறை விடக் கூடாது. அதற்குப் பிந்தவும் கூடாது. அந்த நேரத்தில் குசினிப் பலகையில் குந்தி, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. வெள்ளைக் கடதாசி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எரிச்சல்தான் வந்தது. ஒரு பூ கீறினாள். அது கருவாட்டுத் தலை மாதிரி இருந்தது. பென்சில் முனை இரண்டு தரம் முறிந்தது. நான்காம் நாள் ஒரு பெட்டி கீறி, மேலே கூரை போட்டாள். வீடு. சின்ன வயதில் எல்லாரும் கீறுகிற வீடு.

அதற்குப் பிறகு வீடு மட்டும்தான் வந்தது. அதற்கும் எரிச்சல் பட்டாள். மனதில் என்ன வருகிறதோ அதைக் கீறச் சொன்னால், இருக்கிற வீட்டையே ஏன் திரும்பத் திரும்பக் கீற வேண்டும்? ஒருநாள் கொய்யா மரத்தோடு கீறினாள். ஒருநாள் மழையில் நனைய விட்டாள். சுவரை விலக்கி உள்ளே பார்ப்பதுபோல, வடக்கறையும் அதற்குள் வட்டம் வட்டமாகத் தயிர்ச்சட்டிகளும் வைத்தாள். ஒரு பக்கத்தில் சுவரைச் சிவப்பால் தேய்த்துத் தேய்த்துக் கடதாசி பிய்ந்துபோனது. அன்றைக்குப் பாலை மறந்துவிட்டாள். விரல் வைத்துப் பார்த்தபோது பால் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. மறுநாள் காலை இருபது சட்டியிலும் தண்ணீர் மிதந்தது.

"இருபத்துநாலு வருசத்தில இப்பிடி ஒரு நாள் நடக்கல்ல," என்றான் பஹ்மி, சட்டியைச் சரித்துப் பார்த்து. "உனக்கு யோசனை எங்க போகுது?"

"பால்ல தண்ணி கலந்திருப்பானுகள்."

"பால்காரன்ட தலையில போடாத. கலியாணம் எண்டா தாய்மாருக்குத் தலை சுத்துறதுதான். ஒரு மாதம் பொறுத்துக்க. பின்வளவில ரெண்டு அறை எழும்பினா நீயும் நானும் நிம்மதியா கிடக்கலாம். ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு என்னத்துக்கு?"

ஸல்ஹா அவன் கையிலிருந்து சட்டியை வாங்கி வைத்தாள். அவள் நெஞ்சில் கயிறு ஒரு சுற்று இறுகியது.

பஹ்மி சொன்னதில் அந்த ஊருக்குப் புதினமாக ஒன்றுமில்லை. பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். வேறு வீடு கட்ட வசதி இல்லாதவர்கள் தாங்கள் இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கம் ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை முன்வாசலால் வருவான்; தாயும் தகப்பனும் பின்னால் போவார்கள். இந்த வீடும் ஸல்ஹாவுக்கு அப்படித்தான் வந்தது. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பேரில் இருந்தது. அவளுடைய உம்மா கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு, பின்வளவில் தகரம் போட்ட கொட்டிலில் நாலு வருடம் இருந்து, ஒரு மாரி மழையில் காய்ச்சல் கண்டு மௌத்தாகிவிட்டா. அதை யாரும் குறையாகப் பேசியதில்லை. ஸல்ஹாவும் அதைப் பற்றி நினைத்ததில்லை.

மாப்பிள்ளை ஸஜ்ஜாத், பஹ்மியின் பெரியம்மா மகள் சுஹைராவின் மூத்தவன். சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. றுஷ்தாவுக்கும் அவனில் விருப்பம். அவள் திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் வேலைக்கு நின்றாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் காதில் போனோடுதான் இருப்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். சுஹைரா ராத்தா கேட்டது ஒன்றுதான்: முன் ஹோலை இடித்துப் பெரிதாக்கி, தரைக்கு டைல்ஸ் பதித்துத் தர வேண்டும். வடக்கறையை ஹோலோடு சேர்த்துவிட்டால் இடம் காணும். உறுதியை மாற்றி எழுத நாள் குறிக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்காகத்தான் ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு சுஹைரா ராத்தா பலகாரத் தட்டோடு வந்தா. மேசன் முஹம்மது தம்பியையும் அளவு பார்க்க வரச் சொல்லியிருந்தான் பஹ்மி. பின்வளவில் அவன் ஏற்கெனவே ஒரு லோட் மணல் கொட்டியிருந்தான். கச்சான் காற்று அடித்த நாள். முன் திரை உப்பி உப்பி அடங்கியது. ஸல்ஹா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது பஹ்மியின் கையில் அந்தக் கொப்பி இருந்தது.

அரிசி அள்ளப் போனவனுக்கு அகப்பட்டிருக்கிறது. அவன் முகத்தில் கோபம் இல்லை. அவ்வளவு சந்தோசமாக அவனை அவள் பார்த்துப் பல வருடம்.

"இஞ்ச பாருங்க ராத்தா, நான் இவவ என்னமோ எண்டு நினைச்சன். வாய் திறக்காம இருந்துகொண்டு, மகள்ட வீட்டுக்கு பிளான் கீறி வச்சிரிக்கா. ஒண்டில்ல, பத்தொம்பது!"

ஸல்ஹா தேத்தண்ணித் தட்டோடு முன்னால் வந்தாள். "அதத் தாங்க. அது ஒண்டுமில்ல."

"என்ன ஒண்டுமில்ல? வெக்கப்படாத. முஹம்மது தம்பி காக்கா, நீங்க பாருங்க."

மேசன் சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடிய எங்கயோ வச்சிட்டன்."

"தலையில இரிக்கு காக்கா," என்றாள் றுஷ்தா திரைக்குப் பின்னாலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள்.

முஹம்மது தம்பி நாற்பது வருடம் வீடு கட்டியவர். கடதாசியில் கோடு கிடந்தால் அது அவருக்கு வேலைதான். சீமெந்து தின்ற பெருவிரலை நாக்கில் தொட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். தேத்தண்ணி ஆறியது. அவர் அவசரப்படவில்லை.

"அளவுதான் இல்ல. மற்றப்படி தங்கச்சி நல்லாத்தான் கீறியிருக்கா. இது குசினி. இது யன்னல். இந்த வட்டமெல்லாம் என்ன, தூணா?"

"தயிர்ச்சட்டி," என்றாள் ஸல்ஹா, தன்னை அறியாமல்.

"ஓ. அப்ப இந்த அறை அப்பிடியே இரிக்கட்டும் எண்டு கீறியிருக்கா. ஹோல்ல சேர்க்கேலாது."

"அதெப்படி?" என்றா சுஹைரா ராத்தா. "சேர்க்கிறதெண்டுதானே கதை?"

"நான் கீறியிருக்கிறதச் சொல்றன் ராத்தா. இது என்ன சிவப்பு? சாந்து பூசாம செங்கல் தெரிய விடுறதா? இப்ப கொழும்பில அப்பிடி ஒரு மோஸ்தர் இரிக்குத்தான்." அவர் இன்னும் இரண்டு பக்கம் போனார். பிறகு திரும்பி முதல் பக்கத்துக்கு வந்தார். மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"தங்கச்சி, வாசல் எங்க?"

அவர் கொப்பியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"முன்வாசலும் இல்ல, பின்வாசலும் இல்ல."

"மறந்திருப்பா காக்கா," என்றான் பஹ்மி.

"ஒருக்கா மறக்கலாம். பத்தொம்பது படத்திலயும் மறக்கிறதா? யன்னலுக்குக் கொளுக்கி கூடக் கீறியிருக்கா. வாசல் இல்ல." அவர் குரலில் குத்தல் இல்லை; தொழில் பேச்சுத்தான். "இப்பிடிக் கட்டினா உள்ள நிக்கிற ஆள் வெளிய போகேலாது. வெளிய நிக்கிற ஆளும் உள்ள வரேலாது. நான் எப்பிடிக் கட்டுறது?"

ஸல்ஹா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் மடியில் கிடந்த கொப்பியை எட்டிப் பார்த்தாள். மெய்தான். அவள் ஒருநாளும் கவனிக்கவில்லை. சுவர், கூரை, யன்னல், கொய்யா மரம், சட்டி. எங்கேயும் ஒரு கதவு இல்லை. காற்று திரையைத் தூக்கி விட்டது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அது தடையில்லாமல் அடி வரைக்கும் போனது. அதில் அவளுக்கே பயம் பிடித்தது.

"அது பிளான் இல்ல," என்றாள். "நான் வீட்டக் குடுக்கல்ல."

"என்ன?" என்றான் பஹ்மி.

"நான் வீட்டக் குடுக்கல்ல. கையெழுத்து வைக்கமாட்டன். இந்தக் குசினியில நான் இருபத்துநாலு வருசம் பால் காய்ச்சுறன். சுனாமிக்குப் பிறகு இந்தச் சுவருக்கு மண் சுமந்தது நான். பின்னால போய்த் தகரத்துக்குக் கீழ கிடக்க எனக்கு ஏலாது."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்த?"

"எனக்குத் தெரியாது. இப்பதான் தெரியும்."

சுஹைரா ராத்தா தட்டின் மூடியை எடுத்துத் திரும்ப மூடினா. "நல்லாயிருக்கு தம்பி. பொம்புள வீட்டில உள்ளவங்களே ரெண்டு நாக்கா கதைச்சா நாங்க யார்ட கதைய எடுக்கிற? அது பிளான் இல்லாட்டி பின்ன என்ன கொப்பி அது?"

"ஆஸ்பத்திரியில கீறச் சொன்னது."

"எந்த ஆஸ்பத்திரியில படம் கீறச் சொல்றாங்க?"

ஸல்ஹா சொன்னாள். பிறஷர் கிளினிக் இல்லை என்றும், ஓடையின் கடைசி அறை எதற்கு உள்ள அறை என்றும் சொன்னாள். சொல்லச் சொல்ல பஹ்மி தரையைப் பார்த்தான். சுஹைரா ராத்தா எழும்பி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனா. கொண்டுவந்த தட்டை யாரும் திருப்பி எடுத்துப் போவதில்லை. அதைத்தான் ஒழுங்கை வெகுநாள் பேசியது. முஹம்மது தம்பி ஆறிய தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்துவிட்டு, "நான் ஒண்டும் தப்பாக் கேக்கல்லயே தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனார்.

திரையை விலக்கிக்கொண்டு றுஷ்தா வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"உம்மா, எல்லா உம்மாமாரும் குடுக்கிறதுதானே?"

"ஓம் மகள். எனக்கும் என்ட உம்மா தந்தாதான்."

"நீங்க வாங்கினீங்கதானே? வாங்கக்குள்ள வேணாம் எண்டு சொன்னீங்களா?"

ஸல்ஹா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

மறுநாள் காலை பஹ்மி வடக்கறையில் குந்தியிருந்து சட்டிகளுக்கு வாய் கட்டினான். வழக்கமாக அது அவள் வேலை. அவள் எட்டிப் பார்த்தபோது அவன் கொப்பியிலிருந்து பக்கங்களைக் கிழித்துக் கிழித்துச் சட்டிகளை மூடிக்கொண்டிருந்தான். மழையில் நனைந்த வீடு ஒரு சட்டியில், சிவப்புச் சுவர் ஒரு சட்டியில்.

"கடதாசி முடிஞ்சு," என்றான், அவள் முகத்தைப் பாராமல்.

அலுமாரிக்கு மேலே கடதாசிக் கட்டு இருந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. அவள் நூல் பந்தை எடுத்து அவன் பக்கம் உருட்டிவிட்டுக் குசினிக்குப் போனாள். பத்தொன்பது வீடும் அன்றைக்குப் பாலம் கடந்து போயின.

அடுத்த வியாழக்கிழமை வெறும் மட்டையோடு கௌசிகாவிடம் போனாள்.

"மனசு ஆறும் எண்டீங்க மிஸ்."

கௌசிகா மட்டையைத் திறந்து பார்த்தாள். பிய்ந்த ஓரங்களை விரலால் தடவினாள்.

"மகள் கதைக்கிறாளில்ல. அவர் பால் கணக்கு மட்டும் கேக்கிறார். ஒழுங்கையில போனா பொம்புளயள் சத்தத்தக் குறைக்கிறாங்க. இதுதான் ஆறுறதா? முதல்ல நெஞ்சு மட்டும்தான் இறுகினது. இப்ப வீடே இறுகிப்போய்க் கிடக்கு. இத நான் கீறாமலே இருந்திருக்கலாம்."

கௌசிகா மட்டையை மேசையில் வைத்தாள். வெளியே மருந்துக்கு இலக்கம் கூப்பிட்டார்கள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. மின்விசிறி கிறீச்சிட்டது.

"ஆறும் எண்டு நான் சொன்னது பிழைதான் அக்கா," என்றாள் கடைசியில். "அது எனக்குச் சொல்லத் தெரியாத விசயம்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன் வைத்தாள். "விருப்பமெண்டா மட்டும். ஒரு கதவு கீறிப் பாருங்கோ."

ஸல்ஹா பென்சிலை எடுத்துக் கூர் பார்த்தாள். பிறகு வீட்டைக் கீறினாள். கை தானாகவே பின்பக்கம் போய், குசினி ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு கதவைக் கீறியது. பென்சில் அதிலேயே நின்றது.

"உம்மா இதாலதான் வருவா," என்றாள். "வீட்ட எனக்குத் தந்த நாளிலயிருந்து முன்வாசலால அவ வந்ததே இல்ல. பின்னால வந்து, இந்தப் படியில நிண்டுகொண்டு, 'மகள், வரட்டா?' எண்டு கேப்பா. அவ கட்டின வீடு மிஸ். நாலு வருசம் கேட்டா. முன்னால வாங்க உம்மா எண்டு ஒரு நாள் நான் சொன்னதில்ல."

 அடுத்த ஆள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஸல்ஹா அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மனம் ஆறவில்லை. வீட்டைக் கொடுத்துவிடலாமோ என்று பாலம் வரை நினைத்தாள். பாலம் கடந்ததும், இல்லை, கொடுப்பதில்லை என்று நினைத்தாள்.

கொடுக்கவில்லை.

ஸஜ்ஜாத் நாலு மாதத்தில் மூதூரில் கலியாணம் முடித்தான், வீட்டோடுதான். சுஹைரா ராத்தா இப்போது பெருநாளைக்கு மட்டும் சலாம் சொல்கிறா. முஹம்மது தம்பிக்குக் கண்ணில் வெண்படலம் வந்து வேலையை விட்டுவிட்டார். கௌசிகா மன்னாருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். பின்வளவில் கொட்டிய மணலில் புல் முளைத்து, கோழிகள் குழி பறித்துக் கிடக்கின்றன. பஹ்மி தயிர் ஏற்றிக்கொண்டு போய் வருகிறான். ஒரு வருடத்துக்குப் பிறகு பாலைத் தவிர மற்றவற்றையும் மனைவியோடு கதைக்கத் தொடங்கினான். ஸல்ஹாவுக்கு நெஞ்சு இறுக்கம் முழுதாகப் போகவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு தரம் வருகிறது. பால் ஆறும் நேரத்தில் இன்னும் கீறுகிறாள். என்ன கீறுகிறாள் என்று நான் பார்த்ததில்லை.

றுஷ்தா ஏழு மாதம் உம்மாவோடு பேசவில்லை. அடுத்த வருடம் இறக்கக்கண்டியைச் சேர்ந்த நிப்றாஸ் என்ற பொடியன், வீடு கேட்காமல் அவளைக் கலியாணம் முடித்தான். நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவாள். முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹோலில் விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருந்து, ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவாள். குசினிப் பக்கம் அவள் வருவதில்லை.